பழைய காரின்ட முன் கண்ணாடி பீடிங்கை நீங்களே மாத்துறது எப்பிடி

முன் கண்ணாடியைச் சுத்தி ஓடுற கறுப்பு ரப்பர் பீடிங் வெடிச்சு, சுருங்கி, மூலையில ஒரு விரல் போற அளவுக்கு இடைவெளி விட்டு நிக்குதா, வேகமா ஓடேக்க அது துடிச்சு ஒரு விசில் சத்தம் கேக்குதா, அப்ப இது உங்களுக்குத்தான். கொழும்பில இப்ப இருபது வருசக் கார் ஓட்டுறது சாதாரணம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் காருகளுக்குத் திரும்ப விட்டவை, விட்ட பிறகும் விலை கனபேருக்குக் கைக்கு எட்டுற உயரத்தில இல்ல, அதால கையில இருக்கிற கொரோலா 110ஐயும் சன்னி எஃப்பி15ஐயும் வடிவாப் பாத்து வச்சிருக்கிறதுதான் வழி.

தொடங்க முதல் இந்த ரப்பர் என்ன வேலை செய்யுது எண்டு தெரிஞ்சிருக்கோணும், ஏனெண்டா கனபேர் இதுதான் தண்ணியை மறிக்குது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த காருகள் அநேகமானதில கண்ணாடியைப் பிடிச்சு வச்சிருக்கிறதும் தண்ணியை மறிக்கிறதும் உள்ளுக்குள்ள சுத்திவர ஓடுற கறுப்பு யூரிதேன் பசை. மேல தெரியிற பீடிங் அந்தப் பசைக்கு ஒரு குடை மாதிரி. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் நேரப் பட்டுக்கொண்டே இருந்தா யூரிதேன் காலப்போக்கில பலம் குறையும், அதைப் படவிடாமப் பாக்கிறது, இடுக்குக்குள்ள மண்ணும் இலையும் போகாம மூடுறது, காத்துச் சத்தத்தைக் குறைக்கிறது, இவ்வளவுதான் பீடிங்கின்ட வேலை. அதால பீடிங் பிஞ்ச உடன கார் ஒழுகாது. ஆனா மூடாத இடுக்கில மழைத்தண்ணி தேங்கி நிண்டு, பெயின்டுக்கு அடியில துரு தொடங்கி, அந்தத் துரு மெல்ல மெல்லப் பசைக்குக் கீழ நுழையும், அங்க போயிட்டா கண்ணாடியைக் கழட்டி டிங்கரிங் செய்து பெயின்ட் அடிச்சுத் திரும்ப ஒட்டுற பெரிய செலவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மெரைன் டிரைவை ஒட்டிக் காரை நிப்பாட்டுற ஆக்களுக்கு இது இன்னும் கெதியா நடக்கும், கடல் காத்தில வாற உப்பு அந்த ஈரத்தோட சேந்தா தகரத்தை விட்டுவைக்காது. ரப்பரை நேரத்துக்கு மாத்துறது அழகுக்கு எண்டு நினைக்காதேங்கோ, நீங்க காப்பாத்துறது தகரத்தை.

கார் ஏற்கனவே உள்ளுக்குள்ள ஈரமா இருந்தா, அது எங்கால வருது எண்டு முதல் பாருங்கோ. எங்கட வலது பக்க ஸ்டியரிங் காருகளில அநேகமா ஏசியின்ட கூலர் பெட்டி இடது பக்கம், டாஷ்போர்டுக்குப் பின்னால இருக்கும், அதின்ட தண்ணிக் குழாய் அடைச்சா முன் சீட்டில இருக்கிற ஆளின்ட காலடியில தண்ணி சேரும். மழை இல்லாத நாளில ஏசி போட்டு ஓடின பிறகு கார்ப்பெட் நனைஞ்சிருந்தா பீடிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மழைக்குப் பிறகு மட்டும் நனையுது, கண்ணாடியின்ட மேல் மூலையில கூரைத் துணி கறை பிடிச்சிருக்கு எண்டா பசை விட்டிருக்கலாம், அது கண்ணாடி ஒட்டுற ஆக்களின்ட வேலை, பீடிங்கை மாத்தி அதைச் சரிப்படுத்த ஏலாது.

உங்கட காரில இருக்கிறது எந்த வகை

மொரிஸ் மைனர், பழைய மினி, வோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரி காருகளில பசை இல்ல, தடிச்ச ரப்பர் ஒண்டுதான் கண்ணாடியையும் பொடியையும், அதாவது காரின்ட தகர உடம்பையும், சேத்துக் கவ்விப் பிடிச்சிருக்கும். அந்த ரப்பரை மாத்துறது எண்டா கண்ணாடியையே வெளியில எடுக்கோணும், ரப்பரைக் கண்ணாடியில மாட்டி, அதின்ட வெளி ஓரத்துப் பள்ளத்தில நைலான் கயிறு சுத்தி, ஒரு ஆள் வெளியில இருந்து அமத்த மற்ற ஆள் உள்ளுக்குள்ள இருந்து கயிறை இழுத்து உதட்டைத் தகரத்துக்கு மேல ஏத்துற வேலை அது. முதல் தடவை செய்யிற ஆள் தனிய அதுக்குப் போக வேண்டாம். ஆனா சில ரப்பரில நடுவில ஒரு மெல்லிய பட்டி ஓடும், அது மட்டும் காய்ஞ்சு போயிருந்தா சவுக்காரத் தண்ணி தடவி ஒரு முனையில இருந்து உருவி எடுத்துப் புதுசை அமத்தலாம்.

பசையில ஒட்டின காருகளுக்கு வருவம், உங்கட காரும் அநேகமா இதுதான். இதில மூண்டு விதம் இருக்கு. கண்ணாடிக்கும் பொடிக்கும் இடையில உள்ள இடுக்கில ரப்பரின்ட தண்டை அமத்தி இறுக்கி வச்சிருக்கிறது ஒண்டு. பொடியில வரிசையாப் பிளாஸ்டிக் கிளிப் இருக்க அதுக்கு மேல பட்டியை அமத்திப் பூட்டுறது இன்னொண்டு. கண்ணாடியின்ட விளிம்பையே கவ்விக்கொண்டு அடியில போய்ப் பசைக்குள்ள புதைஞ்சு கிடக்கிறது மூண்டாவது. கண்டுபிடிக்கிறது லேசு, கண்ணாடியின்ட பக்கவாட்டில கீழ் முனை, வைப்பர் கிட்ட, அங்க ஒரு பிளாஸ்டிக் கரண்டியின்ட பிடியை விட்டு மெல்லக் கிளப்பிப் பாருங்கோ. தண்டோட எழும்பி வந்தா முதல் வகை, உள்ளுக்குள்ள கிளிப் தெரிஞ்சா ரெண்டாவது, எழும்பாம கண்ணாடிக்கு அடியில போனா மூண்டாவது. முதல் ரெண்டும் வீட்டில செய்யலாம். மூண்டாவதை முழுசா மாத்தக் கண்ணாடியைக் கழட்டோணும், ஆனா வெளியில தெரியிற உதட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு அந்த இடுக்கில ரோலில வாற பொதுப் பீடிங்கைப் போடலாம், வடிவா வரும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில வாங்கேக்க

பீடிங் எண்டு மட்டும் கேட்டா கதவு ரப்பரையும் எடுத்துக் காட்டுவினம், முன் கண்ணாடியின்ட வெளிப்பக்க மோல்டிங் எண்டு தெளிவாச் சொல்லுங்கோ, சேசி நம்பர் எழுதின துண்டும், பழைய ரப்பரில விரல் நீளத்துக்கு வெட்டின ஒரு துண்டும் கையில இருக்கட்டும். அந்தத் துண்டுதான் எல்லாத்தையும் விட முக்கியம், குறுக்கு வெட்டுப் பாத்தா கடை நானா உடனே சொல்லுவார், மொடல் பேர் சொல்லி வாங்கினதை விட இது பிழைக்காது, ஏனெண்டா ஒரே மொடலிலயே செடானுக்கும் வேகனுக்கும் வேற வேற இருக்கும். ஒரு கடையோட நிக்காம நாலு கடை ஏறி இறங்குங்கோ, விலை நல்லா வித்தியாசப்படும். போயா நாளும் ஞாயிறும் கனக்கக் கடை பூட்டு, வெள்ளி மத்தியானம் ஜும்மா நேரத்தையும் தவிர்க்கிறது நல்லம்.

உங்கட காருக்கெண்டே வாறது கிடைச்சா அதையே எடுங்கோ, மூலை வளைவு அச்சில வார்த்தே வரும், வேலை பாதி. கிடைக்காட்டி ரோல். ரோல் வாங்க முதல் ரெண்டு அளவு வேணும். ஒண்டு நீளம், ஒரு நூலைக் கண்ணாடியின்ட ரெண்டு பக்கமும் மேலயும் பிடிச்சு அளந்து அதுக்கு மேல அரை மீட்டர் கூட வாங்குங்கோ. மற்றது இடுக்கின்ட அகலம், இதை அளக்க ட்ரில் பிட்டின்ட மழமழப்பான அடிப்பக்கத்தைப் பாவிக்கலாம், 5 மில்லி உள்ள போய் 6 மில்லி போகாட்டி இடுக்கு அஞ்சுக்கும் ஆறுக்கும் இடையில, அப்ப ரப்பரின்ட தண்டு அதை விடக் கொஞ்சம் தடிப்பா இருந்தாத்தான் இறுகி நிக்கும். மேலயும் பக்கத்திலயும் நாலைஞ்சு இடத்தில அளவுங்கோ, பழைய காரில ஒரே அகலமா இருக்காது. பட்டியை வாங்க முதல் விரலால மடிச்சுப் பாருங்கோ, மடிச்ச இடத்தில வெள்ளைக் கோடு விழுந்தா அது கடையில கனகாலம் கிடந்தது, வேண்டாம். ரப்பர் கிளிப்பும் வைப்பருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் கவரின்ட புஷ் கிளிப்பும் ஒரு பிடி சேத்து வாங்கிக்கொள்ளுங்கோ, பழசு கழட்டேக்க உடையத்தான் செய்யும்.

மிச்சச் சாமான் ஹார்ட்வெயார்ல எடுக்கலாம், பழைய சோனகத் தெருப் பக்கம் போனா எல்லாம் ஒரே நடையில முடியும்: நல்ல மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், புது பிளேட்டோட கட்டர் கத்தி, பழைய பல் பிரஷ், 120, 240 நம்பர் சாண்ட் பேப்பர், துருவைக் கறுப்பாக்குற ரஸ்ட் கன்வேர்ட்டர் சின்னப் போத்தல், எப்பொக்சி பிரைமர், கண்ணாடிக்குப் பாவிக்கிற யூரிதேன் ஒரு டியூப், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஐசோப்ரொபைல் அல்கஹோல் போன் ரிப்பெயார் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். சிலிக்கன் வாங்காதேங்கோ, முக்கியமா வினாகிரி மணம் வாற வகை. அது காயேக்க விடுற அசிட்டிக் அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், அதோட சிலிக்கன் ஒருக்காப் பட்ட இடத்தில பிறகு யூரிதேன் பிடிக்காது, நாளைக்குக் கண்ணாடி மாத்த வேண்டி வந்தா ஒட்டுற பாஸ் அதைச் சுரண்டி எடுக்கப் பெரும் பாடு படுவார்.

எந்த நாள், எந்த நேரம்

ஜனவரியிலயும் பெப்ரவரியிலயும் கொழும்பில மழை குறைவு, அதுதான் நல்ல காலம். ஒக்டோபர் நவம்பரில பின்னேரம் இடியோட மழை வரும், அந்த நேரம் செய்யிறதெண்டா விடியத் தொடங்கி மத்தியானத்துக்குள்ள மூடக் கூடியதாப் பாருங்கோ, இல்லாட்டி ஃபிளாட்டின்ட கீழ்ப் பார்க்கிங்ல நல்ல வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு செய்யுங்கோ. கார் நிழலில, ரப்பர் வெயில்ல. புதுப் பட்டி சுருட்டி வச்ச வளைவை விடாது, அதை அரை மணித்தியாலம் வெயில்ல நீட்டிப் போட்டா தானா நேராகி மெதுமையாகும், எங்கட வெயிலுக்கு ஹீட் கன் எல்லாம் தேவையே இல்ல.

கழட்டுறது

காரை வடிவாக் கழுவித் துடைச்சுட்டு, கண்ணாடியைச் சுத்திப் பெயின்ட் பக்கத்தில மாஸ்கிங் டேப்பை ரெண்டு தட்டா ஒட்டுங்கோ. பிறகு வைப்பர். வைப்பரை ஒருக்கா ஓடவிட்டு அது தானா வந்து நிண்ட இடத்தைக் கண்ணாடியில சின்ன டேப் துண்டால அடையாளம் வையுங்கோ, திரும்பப் பூட்டேக்க அதே இடம் வேணும். நட் அநேகமா 12 அல்லது 14 சைஸ். வைப்பர் கை இறுகியிருந்தா துரு இளக்குற ஸ்பிரே அடிச்சுக் கொஞ்ச நேரம் விட்டு இடமும் வலமும் ஆட்டி எடுங்கோ, சுத்தியலால தட்ட வேண்டாம். பிளேட் இல்லாத வைப்பர் கையைத் தூக்கி வச்சுட்டுத் திரும்பினா ஸ்பிரிங் அதை அடிச்சுக் கண்ணாடியை வெடிக்க வச்சிடும், கண்ணாடிக்கு மேல தடிச்ச டவல் ஒண்டு எப்பவும் கிடக்கட்டும்.

கீழ் பிளாஸ்டிக் கவரைக் கழட்டினா அடியில குப்பை இருக்கும், கொழும்பு ஏழுப் பக்கம் மாரா மரத்துக்குக் கீழ நிக்கிற கார் எண்டா கைப்பிடி கைப்பிடியா இலை வரும். அள்ளி எறிஞ்சு ரெண்டு பக்கத்துத் தண்ணி வடியிற ஓட்டையையும் பாருங்கோ, ஒரு கோப்பை தண்ணி ஊத்தினா சில்லுக்குப் பக்கத்தால நிலத்தில வடியோணும்.

இனிப் பழைய பீடிங். கீழ் முனையில இருந்து பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால கிளப்பி, கிளப்பின இடத்தில விரலால பிடிச்சு, கண்ணாடியோட கிட்டத்தட்டச் சமாந்தரமா இழுங்கோ, நேர மேல இழுத்தா அறும். காய்ஞ்ச ரப்பர் எப்பிடியும் துண்டு துண்டாத்தான் வரும், அதுக்குக் கவலைப்பட வேண்டாம். அறுத்து எடுக்க வேண்டிய இடத்தில கட்டர் கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு ரப்பரை மட்டும் வெட்டுங்கோ. ரெண்டு விசயம் மட்டும் செய்யவே கூடாது. ஒண்டு, இரும்பு ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடி விளிம்பில வச்சு நெம்புறது: முன் கண்ணாடி ரெண்டு தட்டுக் கண்ணாடிக்கு நடுவில பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது, நடுவில கல் பட்டாலும் தாங்கும், ஆனா விளிம்பில சின்னதாச் செதில் போனாலே அதில இருந்து வெடிப்பு ஓடும். மற்றது, கத்தியை இடுக்குக்குள்ள ஆழமா விடுறது. கண்ணாடிக்குக் கீழ இருக்கிற பசையை வெட்டினீங்கள் எண்டா ஒழுக்கோட முடியாது, கனக்கக் காருகளில பக்கத்து சீட் எயார் பேக் விரியேக்க முன் கண்ணாடியில முட்டித்தான் ஆளின்ட பக்கம் திரும்பும், விபத்தில கூரையைத் தாங்கிறதிலயும் அந்த ஒட்டுக்குப் பங்கு இருக்கு. மேல பிதுங்கி நிக்கிற பசையை ரெண்டு மூண்டு மில்லி சீவலாம், அதோட நிப்பாட்டுங்கோ.

இடுக்கைத் துப்புரவாக்குறது

இதுதான் உண்மையான வேலை, ரப்பர் போடுறது கடைசி அரை மணித்தியாலம். இடுக்குக்குள்ள இருக்கிற மண், பழைய பசைத் துண்டு, பாசி எல்லாத்தையும் பல் பிரஷாலயும் வக்யூமாலயும் எடுத்து, சீலைத்துண்டில ஐசோப்ரொபைல் நனைச்சுத் துடையுங்கோ, துணி கறுப்பாகாம வெள்ளையா வாற வரைக்கும். பெற்றோல், தின்னர் வேண்டாம், பெயின்டையும் பசையையும் சேதப்படுத்தும்.

பிறகு டோர்ச் அடிச்சுச் சுத்திவரப் பாருங்கோ, ஆறுதலா, மேல் ரெண்டு மூலையையும் கூடுதலா. சும்மா செம்மஞ்சள் நிறத்தில மேலோட்டமான துரு எண்டா 120ஆல உரசி, 240ஆல மழமழப்பாக்கி, கன்வேர்ட்டர் தடவி அது கறுத்த பிறகு பிரைமர் ரெண்டு தரம், அதுக்கு மேல காரின்ட நிறப் பெயின்ட் மெல்லிசா. ஒவ்வொரு தட்டும் டப்பாவில சொன்ன நேரம் காயட்டும், அவசரப்பட்டு ஈரப் பெயின்டுக்கு மேல ரப்பரை அமத்தினா பெயின்ட் ரப்பரோட ஒட்டிக்கொண்டு வரும், அதால துரு இருந்தா இதை ரெண்டு நாள் வேலையா வச்சுக்கொள்ளுங்கோ, இரவு டேப்பால மூடி விட்டாப் போதும். ஸ்க்ரூ டிரைவர் முனையால மெல்லக் குத்தேக்க தகரம் உள்ள போகுது, அல்லது துரு பசைக்கு அடியில போறது தெரியுது எண்டா அந்த இடத்தில நிப்பாட்டுங்கோ. மேல பீடிங் போட்டு மறைக்கிறது ஆகக் கூடாத வேலை, துரு உள்ளுக்குள்ள சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், வெளியில புதுக் கார் மாதிரித் தெரியும். நல்ல டிங்கரிங் பாஸ் ஒராளிட்டக் காட்டுங்கோ.

புதுசைப் போடுறது

பசை போட முதல் ஒருக்கா வெறுமனே வச்சுப் பாருங்கோ. கண்ணாடியின்ட மேல் விளிம்பில நடு எது எண்டு அளந்து டேப் ஒட்டி, பட்டியின்ட நடுவையும் அடையாளம் வச்சு, ரெண்டையும் பொருத்தி நடுவில இருந்து ரெண்டு பக்கமும் போங்கோ. கிளிப் வகை எண்டா உடைஞ்ச கிளிப் எல்லாம் மாத்திட்டு அதே மாதிரி நடுவில இருந்து உள்ளங்கையால அமத்தி, ஒவ்வொண்டும் டக் எண்டு விழுறதைக் கேட்டுக்கொண்டு போங்கோ.

தண்டு வகையிலயும் ரோலிலயும் நான் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடியது ஒண்டுதான், பட்டியை இழுக்காதேங்கோ. இழுத்து வச்சா அண்டைக்கு நல்லா நேரா வடிவா இருக்கும், ஆனா ரப்பர் தன்ட நீளத்துக்குத் திரும்பப் போகும், ஒரு மாசத்தில மூலையில இடைவெளி விட்டிடும். ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் பட்டியைக் கொஞ்சம் பின்னால தள்ளி, நெருக்கி அமத்திக்கொண்டு போங்கோ. மூலையில தண்டு வளைய மறுத்தா, அடியில இருக்கிற தண்டில மட்டும் சின்னச் சின்ன வி வடிவ வெட்டு மூண்டு நாலு போடுங்கோ, வெளியில தெரியிற முகத்தில கத்தி படக்கூடாது. அப்பவும் வளையாட்டி அந்தத் துண்டை மட்டும் ஒரு சட்டியில சுடுதண்ணிக்குள்ள தோய்ச்சு எடுத்து வளையுங்கோ, சுடுதண்ணியைக் கண்ணாடியில ஊத்த வேண்டாம், வெடிக்கும்.

எல்லாம் பொருந்துது எண்டா திரும்ப எடுத்து, இடுக்கை ஒருக்கா ஐசோப்ரொபைலால துடைச்சு நல்லாக் காயவிட்டு, யூரிதேனை மெல்லிய நூல் மாதிரி ரெண்டு மூலையிலயும், நேரான இடத்தில அங்கங்க ஒரு பொட்டும் வையுங்கோ. சுத்திவர நிரப்பத் தேவையில்ல, கூடப் போட்டா பிதுங்கிப் பெயின்டில படும், காய்ஞ்சா எடுக்கப் பாடு. யூரிதேன் காத்தில இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அந்த வகையில கொழும்பின்ட புழுக்கம் எங்களுக்கு உதவி. பட்டியை வச்சு அமத்தி, ஒவ்வொரு சாணுக்கும் குறுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கோ. கீழ் முனைகளை ஒரு சென்டிமீட்டர் கூடவே விட்டு வச்சு அடுத்த நாள் விடிய வெட்டுங்கோ, அதுக்குள்ள ரப்பர் சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். முனை கீழ்க் கவருக்கு அடியில போய் ஒளியோணும்.

தண்ணி டெஸ்ட்

ஒரு நாள் முழுசா விட்டுட்டு, கவரையும் வைப்பரையும் பூட்ட முதல் தண்ணி அடிச்சுப் பாருங்கோ. ஒராள் உள்ளுக்குள்ள டோர்ச்சோட, டாஷ்போர்டுக்கு மேல டிஷ்யூ பரப்பி வச்சுக்கொண்டு இருக்கட்டும், மற்ற ஆள் சாதாரணக் குழாயால, அமுக்கம் இல்லாம, கீழ இருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேல போகோணும், ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு நிமிசம். மேல இருந்து தொடங்கினா தண்ணி எல்லா இடமும் வழிஞ்சு எங்கால உள்ள வருது எண்டு பிடிக்க ஏலாது. டிஷ்யூ நனைஞ்சா அந்த இடத்தை அடையாளம் வச்சுக் கண்ணாடி ஒட்டுற கடைக்குக் கொண்டு போங்கோ, வெளியில இருந்து பசை அப்பி மறைக்க வேண்டாம்.

சேர்விஸ் ஸ்டேஷனில பொடி வோஷ் குடுக்கேக்க தண்ணித் துவக்கைக் கண்ணாடி ஓரத்துக்குக் கிட்டப் பிடிக்க வேண்டாம் எண்டு அந்தத் தம்பியிட்ட முதலே சொல்லிவிடுங்கோ, அந்த அமுக்கம் புது ரப்பரையும் கிளப்பும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் தடவினா ரப்பர் அண்டைக்குப் பளபளக்கும், பிறகு ஊதி இளகிக் கெட்டுப் போகும், அதுக்குப் பதிலா சிலிக்கன் கிரீஸ் ஒரு பொட்டு எடுத்து மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்காத் துணியால தேச்சு விடுங்கோ, தேய்க்க முதல் மேல் மூலை ரெண்டையும் நகத்தால மெல்லக் கிளப்பிப் பாருங்கோ, எழும்பியிருந்தா அந்த இடத்தில கிரீஸ் இல்லாம ஐசோப்ரொபைலால வடிவாத் துடைச்சுட்டு ஒரு பொட்டு யூரிதேனும் ஒரு இரவு டேப்பும் போதும்.